கணினிச் செஸ் போட்டிக்குத் தொடக்கப் புத்தகம் தயாரித்தல்: கடைசி நகர்த்தலிலிருந்து பின்னோக்கி

என் எஞ்சின் (செஸ் ஆடும் நிரல்) முதன்முதலாக ஓர் இணையப் போட்டிக்குப் போனபோது அதன் தொடக்கப் புத்தகத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நிலைகள் இருந்தன. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மூன்றாம் சுற்றில், தன்னைவிட மிகவும் பலவீனமான ஓர் எஞ்சினுடன் வெள்ளைக் காய்களில் ஆடி, ஒரு நொடிகூட யோசிக்காமல் டிரா செய்துவிட்டது.

ஸ்பானிஷ் தொடக்கம், பெர்லின் தற்காப்பு. நான்காவது நகர்த்தலில் வெள்ளை கோட்டை கட்ட, கருப்புக் குதிரை ஈ4 சிப்பாயை வெட்டியது. டி4, குதிரை டி6. என் எஞ்சின் சிப்பாயால் ஈ5-ஐ வெட்ட, கருப்புக் குதிரை பி5-இல் நின்ற மந்திரியை வெட்டியது. பிறகு ஏ4, குதிரைகள் டி4-இல் மாறிக்கொண்டன, கருப்பு டி5 தள்ள, வெள்ளை என் பாசான் முறையில் (இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயை, ஒரு கட்டம் மட்டும் நகர்ந்ததாகக் கொண்டு வெட்டுவது) அதை வெட்ட, கருப்பு ராணி டி6-இல் திரும்ப வெட்டியது. அதன்பின் வெள்ளை ராணி ஈ4-இல் செக், கருப்பு ராணி ஈ6-இல் மறைப்பு, ராணி டி4, ராணி டி6, மறுபடியும் ஈ4-இல் செக். ஒரே நிலை மூன்று முறை வந்ததும் ஆட்டம் முடிந்தது. சீக்கிரம் ஹோட்டலுக்குத் திரும்ப விரும்பும் கிராண்ட்மாஸ்டர்கள் கைகுலுக்கிக்கொள்ளும் வரிசை அது. அவர்களுடைய நூற்றுக்கணக்கான டிராக்களை நான்தான் வடிகட்டாமல் புத்தகத்தில் கொட்டியிருந்தேன்.

அன்று முதல் எந்தப் புத்தகத்தையும் கடைசி நகர்த்தலிலிருந்துதான் படிக்கிறேன். இந்த வழிகாட்டியும் அந்தப் பழக்கத்தைச் சுற்றியே எழுதப்பட்டது. சொந்தமாக எஞ்சின் எழுதியவர்களுக்கும், பிறர் எழுதிய எஞ்சினைப் போட்டியில் இயக்குபவர்களுக்கும் இது பொருந்தும்.

புத்தகம் எதற்கு?

தொடக்கப் புத்தகம் அடிப்படையில் ஓர் அட்டவணை. ஒரு நிலை, அந்த நிலையில் ஆடத்தக்க நகர்த்தல்கள், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஓர் எடை. தன் முறை வரும்போது எஞ்சின் நிலையை அட்டவணையில் தேடும். கிடைத்தால் உடனே ஆடும். கிடைக்காவிட்டால் யோசிக்கத் தொடங்கும்.

இதில் உழைப்பைக் கொட்டியவர்களின் வரலாறு நீளமானது. யுனிக்ஸ் புகழ் கென் தாம்ப்சன், தன் ‘பெல்’ செஸ் எந்திரத்துக்காகத் தொடக்கக் கலைக்களஞ்சியத்தின் தொகுதிகளிலிருந்து நாளுக்கு ஒரு மணிநேரம் வீதம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வரிசைகளைக் கையால் தட்டச்சு செய்தார். அந்த எந்திரம் 1980-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் உலகக் கணினிச் செஸ் சாம்பியன் ஆனது. பின்னாளில் புத்தகம் எழுதுவது தனி வேலையாகவே பிரிந்தது. ரிப்காவுக்கு யெரூன் நூமன், ஃபிரிட்ஸுக்கு அலெக்சாண்டர் கூரே, ஷ்ரெடருக்கு சாண்ட்ரோ நெக்கி என்று எஞ்சினின் பெயரோடு சேர்த்துப் புத்தக ஆசிரியரின் பெயரையும் சொல்லும் காலம் ஒன்று இருந்தது.

இன்றைய எஞ்சின்கள் புத்தகம் இல்லாமலேயே முதல் பத்து நகர்த்தல்களைச் செம்மையாக ஆடிவிடும். அப்படியிருந்தும் புத்தகம் மூன்று வகையில் உதவுகிறது: கடிகாரத்தில் நேரம் மிச்சமாகிறது, எஞ்சினுக்கு ஒத்துவராத நிலைகளைத் தவிர்க்க முடிகிறது, ஒரே ஆட்டம் திரும்பத் திரும்ப வராமல் ஆட்டங்களை வேறுபடுத்த முடிகிறது. பலமான எஞ்சின்களிடையே தொடக்க நிலையிலிருந்து ஆடப்படும் ஆட்டங்கள் பெரும்பாலும் டிராவில் முடிவதால், இரண்டாவது காரணம்தான் இப்போது மிகவும் மதிப்புள்ளது.

1. விதிமுறைகளைப் படியுங்கள்

போட்டி எந்த வகை என்று தெரியாமல் எந்த வேலையையும் தொடங்காதீர்கள். 1974-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கி 2024 வரை நடந்த உலகக் கணினிச் செஸ் சாம்பியன்ஷிப் மரபில் ஒவ்வோர் அணியும் தன் புத்தகத்தைத் தானே கொண்டுவந்தது. 2010-இல் டி.சி.இ.சி. (Top Chess Engine Championship) என்ற இணைய எஞ்சின் போட்டி தொடங்கிய மரபு நேர் எதிரானது. அங்கே தொடக்க நிலைகளைப் போட்டி நடத்துபவர்கள் தருவார்கள். எஞ்சினின் சொந்தப் புத்தகம் அணைக்கப்பட்டிருக்கும். இரண்டாவது வகைப் போட்டியென்றால் நேராக இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

சொந்தப் புத்தகம் அனுமதிக்கப்படும் போட்டியில் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். சுற்றுகளுக்கு இடையே புத்தகத்தைத் திருத்தலாமா? எல்லாரும் எல்லாருடனும் ஆடும் முறையா, ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒரே புள்ளி எடுத்தவர்கள் மோதும் ஸ்விஸ் முறையா? வன்பொருள் எல்லாருக்கும் ஒன்றா, அவரவருடையதா? எட்டுப் பேர் மட்டுமே எல்லாருடனும் ஆடும் போட்டியில் ஒவ்வோர் எதிராளிக்கும் தனி வரிசை தயாரிக்கலாம். ஸ்விஸ் முறையில் அது வீண் உழைப்பு.

2. உங்கள் எஞ்சினுக்கு எது ஒத்துவரும்?

புத்தகம் எழுதுபவர்கள் அதிகம் தவறவிடும் படி இதுதான். தங்களுக்குப் பிடித்த தொடக்கத்தை எஞ்சின் தலையில் கட்டிவிடுகிறார்கள். நைடார்ஃப் ஆடப் பிடித்தவர் நைடார்ஃப் புத்தகம் எழுதுகிறார். அவருடைய எஞ்சினுக்கு அது பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

கேட்பதற்கு ஒரு வழி உண்டு. புத்தகத்தை அணைத்துவிட்டு, பலதரப்பட்ட தொடக்க நிலைகள் உள்ள ஒரு பொதுத் தொகுப்பை எடுங்கள். ஏறத்தாழ சமபலமுள்ள நான்கைந்து எஞ்சின்களுடன் ஒவ்வொரு நிலையையும் இருமுறை, நிறம் மாற்றி ஆடவிடுங்கள். கியூட்செஸ் போன்ற இலவசக் கருவி இதை இரவோடு இரவாகச் செய்துவிடும். பிறகு முடிவுகளைத் தொடக்க வகைவாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

வெற்றி விகிதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பதினைந்தாவது நகர்த்தலில் எஞ்சின் சொன்ன மதிப்பீட்டையும் ஆட்டத்தின் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனக்கு நல்ல சாதகம் இருப்பதாகச் சொல்லிச் சொல்லித் தோற்கும் வகை ஒன்று கட்டாயம் தென்படும். பழைய பாணி மதிப்பீடு உள்ள எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் அது மையம் பூட்டப்பட்ட நிலைகளாக, குறிப்பாகக் கிங்ஸ் இந்தியன் தற்காப்பாக இருக்கும். வெள்ளையின் இடப்பரப்பைப் பார்த்து எஞ்சின் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே கருப்புச் சிப்பாய்கள் ராஜாவை நோக்கி இறங்கிவிடும். நரம்பு வலைப்பின்னல் வந்தபிறகு இந்தக் குறை வெகுவாகக் குறைந்தது, முற்றிலும் போகவில்லை.

இந்தப் பட்டியலில் கீழே இருக்கும் மூன்று வகைகளைத் தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். நல்ல நகர்த்தல்களைச் சேர்ப்பதைவிட இந்த மூன்றையும் தவிர்ப்பதில்தான் புத்தகம் அதிகப் புள்ளிகளைச் சம்பாதித்துத் தரும்.

3. ஆட்டங்களைத் திரட்டுதல்

மூலப்பொருள் மூன்று இடங்களிலிருந்து வரும்: கடிதவழிச் செஸ் ஆட்டங்கள், எஞ்சின் போட்டிகளின் ஆட்டங்கள், மனிதர்கள் பலகையில் ஆடியவை. நம்பகத்தன்மையும் இதே வரிசையில்தான். கடிதவழி ஆட்டக்காரர்கள் எஞ்சினை வைத்துக்கொண்டு ஒரு நகர்த்தலை நாள்கணக்கில் ஆராய்கிறார்கள். அவர்கள் கைவிட்ட வரிசை பெரும்பாலும் செத்த வரிசை. மனித ஆட்டங்களின் முடிவுகளை மட்டும் ஒருபோதும் நம்பாதீர்கள். முப்பதாவது நகர்த்தலில் நேர நெருக்கடியில் யானையைக் கோட்டைவிட்டவருடைய தோல்வி, எட்டாவது நகர்த்தலின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும்.

வடிகட்டும் வேலைக்குப் பி.ஜி.என்.-எக்ஸ்ட்ராக்ட் என்ற பழைய கட்டளைவரிக் கருவி இன்றும் போதும். இரட்டைப் பதிவுகளை நீக்குங்கள். அதிவேக ஆட்டங்களையும் நேரம் முடிந்து தோற்றவற்றையும் தூக்குங்கள். என் அனுபவத்தில் மிக முக்கியமானது, இருபத்தைந்து நகர்த்தல்களுக்குள் டிரா ஆன மனித ஆட்டங்கள் அத்தனையையும் வீசிவிடுவது. நான் முதலிலேயே அதைச் செய்திருந்தால் பெர்லினில் அந்த அரைப்புள்ளி போயிருக்காது.

4. சுருக்குங்கள்

1997-இல் உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்ற ஐ.பி.எம். கணினி டீப் புளூவின் கைவேலைப் புத்தகத்தில் இருந்தவை ஏறத்தாழ 4,000 நிலைகள் மட்டுமே. ஜோயல் பெஞ்சமின் முதலிய கிராண்ட்மாஸ்டர்கள் ஒவ்வொன்றையும் பார்த்துச் சேர்த்தவை. அதற்கு வெளியே 7,00,000 கிராண்ட்மாஸ்டர் ஆட்டங்களிலிருந்து திரட்டிய இன்னொரு பெரிய தொகுப்பும் இருந்தது. ஆனால் அது எந்த நகர்த்தலையும் கட்டாயப்படுத்தவில்லை. எந்த நகர்த்தல் எத்தனை முறை ஆடப்பட்டது, என்ன பலன் தந்தது என்பதைக் கொண்டு தேடலுக்குச் சிறு ஊக்கப்புள்ளி மட்டும் கொடுத்தது. என் பத்து லட்சத்தை இதனருகில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளைக்கு ஒரே ஒரு முதல் நகர்த்தல் போதும். ஈ4 அல்லது டி4, எது உங்கள் எஞ்சினின் பலவீன மூன்றைத் தவிர்க்க உதவுகிறதோ அது. கருப்புக்கு, ஈ4-க்கு எதிராக இரண்டு பதில்கள், டி4-க்கு எதிராக இரண்டு. ஒன்று வெல்வதற்கு, ஒன்று தாங்குவதற்கு. பலவீனமான எதிராளி என்றால் காய்கள் பலகையில் நிறைந்திருக்கும் சிக்கலான வரிசை. உங்களைவிடப் பலமானவர் என்றால் சீக்கிரம் காய்மாற்றம் நடந்து வறண்டுபோகும் வரிசை. என் எஞ்சினிடமிருந்து அரைப்புள்ளியைப் பறித்த அதே பெர்லின், பலமான எஞ்சினை எதிர்கொள்ளும் கருப்புப் புத்தகத்தில் இருந்தால் பொன். வெள்ளைப் புத்தகத்தில் அதே இடத்தில் சிப்பாயால் ஈ5-ஐ வெட்டாமல் மந்திரியால் சி6-ஐ வெட்டினால் வேறு ஆட்டமாகிவிடும். அந்த வழியும் வேண்டாமென்றால் நான்காவது நகர்த்தலிலேயே டி3 ஆடி ஒதுங்கிக்கொள்ளலாம்.

வெள்ளைக்கும் கருப்புக்கும் தனித்தனிக் கோப்புகள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், எதிராளி ஆடட்டும் என்று சேர்த்த மோசமான நகர்த்தலை ஒருநாள் உங்கள் எஞ்சினே ஆடும்.

5. தொகுத்தல்

செஸ்பேஸ் மென்பொருளின் சி.டி.ஜி., அரீனா மென்பொருளின் ஏ.பி.கே. என்று புத்தகக் கோப்புக்குப் பல வடிவங்கள் உண்டு. திறந்த உலகில் பொது மொழியாக இருப்பது ஃபேபியன் லெட்டூஸி உருவாக்கிய பாலிகிளாட் வடிவம். எளிமைதான் அதன் பலம். ஒவ்வொரு பதிவும் 16 பைட்: நிலையின் அடையாள எண் 8, நகர்த்தல் 2, எடை 2, கற்றலுக்காக ஒதுக்கியது 4. பதிவுகள் அடையாள எண்ணின் ஏறுவரிசையில் அடுக்கப்பட்டிருக்கும்.

தொகுக்கும் கட்டளைக்கு நீங்கள் தரவேண்டிய அளவுகள் சில. அதிகபட்ச ஆழம் அரைநகர்த்தல்களில் எண்ணப்படுகிறது. 30 என்றால் இரு தரப்புக்கும் பதினைந்து நகர்த்தல்கள். தொடக்கத்துக்கு 24 முதல் 30 வரை போதும். ஒரு நகர்த்தல் இடம்பெறக் குறைந்தபட்சம் எத்தனை ஆட்டங்களில் வந்திருக்க வேண்டும் என்பதற்கு 3 அல்லது அதற்கு மேல். வெள்ளைக்கு மட்டும், கருப்புக்கு மட்டும் எனப் பிரித்துத் தொகுக்கும் வசதியும் அதிலேயே உண்டு.

எடை எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது. வெற்றிக்கு இரண்டு, டிராவுக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்றுமில்லை. ஒரு நிலையில் பழைய நகர்த்தல் 300 ஆட்டங்களில் வந்து 90 வெற்றி, 150 டிரா, 60 தோல்வி கண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடை 330. அண்மையில் கண்டுபிடிக்கப்பட்ட புது நகர்த்தல் 20 ஆட்டங்களில் 12 வெற்றி, 8 டிரா; எடை 32. முதலாவதின் பலன் 55 சதவீதம், இரண்டாவதின் பலன் 80 சதவீதம். எடையின்படி தேர்ந்தெடுக்கும் எஞ்சினோ, சிறந்த நகர்த்தலை நூறில் ஒன்பது முறைதான் ஆடும். பழமைக்குப் போடப்படும் ஓட்டு இது. ஆகவே முக்கியக் கிளைகளில் எடைகளைக் கையால் மாற்றியாக வேண்டும். பைத்தான் தெரிந்தவர்களுக்குப் பைத்தான்-செஸ் நூலகம் பாலிகிளாட் கோப்புகளைப் படித்துக் காட்டும்.

சொந்த எஞ்சினில் புத்தக வாசிப்பை நீங்களே எழுதினால் இரண்டு குழிகளைக் கவனியுங்கள். அடையாள எண், 781 தற்செயல் எண்களில் நிலைக்குப் பொருந்துபவற்றை XOR செய்து உருவாக்கப்படுகிறது: காயும் கட்டமும் சேர்ந்து 768, கோட்டை உரிமைக்கு 4, என் பாசானுக்கு 8, யார் முறை என்பதற்கு 1. சிப்பாய் இரண்டு கட்டம் தாண்டியதாலேயே என் பாசான் எண்ணைச் சேர்த்துவிடக்கூடாது. பக்கத்தில் வெட்டக்கூடிய எதிரிச் சிப்பாய் நின்றால் மட்டுமே சேர்க்கவேண்டும். இதைத் தவறவிட்டால் முதல் நகர்த்தலுக்குப் பிறகே புத்தகம் ‘காணாமல்’ போய்விடும். இரண்டாவது, கோட்டை கட்டுவது ராஜா தன் யானையையே வெட்டுவதுபோல, அதாவது ஈ1-இலிருந்து எச்1-க்கு என்று எழுதப்பட்டிருக்கும். மாற்றி வாசிக்காவிட்டால் செல்லாத நகர்த்தல் என்று போட்டி அமைப்பு உங்கள் எஞ்சினைத் தோற்கடித்துவிடும்.

6. பின்னோக்கிப் படித்தல்

முக்கால்வாசி உழைப்பு இங்கேதான் போகவேண்டும்.

புத்தகத்தின் ஒவ்வொரு கிளையும் ஓரிடத்தில் முடிகிறது. அந்த முடிவு நிலைகளை இலைகள் என்று வைத்துக்கொள்வோம். எல்லா இலைகளையும் ஒரு கோப்பில் பிரித்தெடுத்து, கிடைக்கும் மிகப் பலமான எஞ்சினிடம் கொடுத்து ஆராயச் சொல்லுங்கள். 2,000 இலைகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் என்றால் ஏறத்தாழ ஏழு நாட்கள் கணினி ஓடும். பத்து லட்சம் நிலைகள் உள்ள புத்தகத்தை இப்படிச் சரிபார்க்கவே முடியாது. சுருக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலைகளின் மதிப்பெண்கள் வந்ததும் அவற்றை மேல்நோக்கி ஏற்றுங்கள். உங்கள் முறை வரும் நிலையில், கீழே உள்ளவற்றில் உங்களுக்கு மிக நல்ல மதிப்பெண் மேலே போகும். எதிராளி முறை வரும் நிலையில், உங்களுக்கு மிக மோசமானது மேலே போகும். எஞ்சின் தேடும் அதே மினிமேக்ஸ் முறைதான். இப்படிச் செய்தால், ஆயிரம் ஆட்டங்களின் புள்ளிவிவரத்தில் 60 சதவீதம் காட்டும் ஒரு வரிசை, கடைசியாக ஆடப்பட்ட மூன்று ஆட்டங்களில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரே பதிலால் இடிந்து விழுவது கண்ணுக்குத் தெரியும். புள்ளிவிவரம் அதைக் காட்டவே காட்டாது.

ஏற்றி முடித்தபின் கைவேலை. ஒவ்வொரு முக்கிய இலையிலும் நான் கேட்கும் கேள்விகள் இவை.

இந்த நிலையில் புத்தகமின்றி விட்டால் என் எஞ்சின் அடுத்து என்ன ஆடுகிறது? அது வரிசையின் திட்டத்தோடு பொருந்தாவிட்டால் இலை இரண்டு நகர்த்தல் முன்போ பின்போ நகரவேண்டும். தியாகம் செய்துவிட்டு அடுத்த நகர்த்தலில் புத்தகம் முடிவதுதான் எல்லாவற்றிலும் மோசம். சிப்பாயைக் கொடுத்துவிட்ட எஞ்சின் திடீரென விழித்து, ஏன் ஒரு காய் குறைகிறது என்று பதறி, தாக்குதலை விட்டுவிட்டுச் சிப்பாயைத் திரும்பப் பிடிக்க ஓடும். தியாக வரிசை என்றால் தாக்குதல் எஞ்சினின் மதிப்பீட்டிலேயே தெரியும் இடம்வரை புத்தகம் அதன் கையைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும்.

இங்கே எத்தனை காய்கள் பலகையில் இருக்கின்றன? ராணிகள் போய், இரு பக்கமும் ஒரே சிப்பாய் அமைப்பு என்றால் அது அனேகமாக டிரா. அது எனக்கு வேண்டுமா?

மீள்வரும் நிலை இருக்கிறதா? புத்தகத்துக்கு வரலாறு தெரியாது. ஒரு நிலை இரண்டாம் முறை வருகிறதா மூன்றாம் முறையா என்பது அடையாள எண்ணில் இல்லை. சுழலும் வரிசை உள்ளே இருந்தால் எஞ்சின் கண்ணை மூடிக்கொண்டு சுழலும்.

வேறு வரிசையில் நகர்த்தி இதே நிலைக்கு வரமுடியுமா? புத்தகம் நிலைகளைத்தான் சேமிக்கிறது, வரிசைகளை அல்ல. இது பலமும் தலைவலியும்தான். ஸ்லாவ் தற்காப்பில் நீங்கள் வேண்டாமென்று வெட்டியெறிந்த நிலைக்கு ஆங்கிலத் தொடக்கம் வழியாக எதிராளி கூட்டிக்கொண்டு போகலாம். ஒரு கிளையை நீக்கும்போது அதன் தொடக்கத்தை மட்டும் வெட்டாதீர்கள். அதற்குக் கீழே உள்ள நிலைகளுக்கு வேறு வாசல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

விரிவாக்குவதைத் தானாகச் செய்யவேண்டுமென்றால், 2000-ஆம் ஆண்டில் தாமஸ் லிங்கே முன்வைத்த வழி இன்றும் பயனுள்ளது. வேரிலிருந்து ஆழமும், வழியில் சிறந்த நகர்த்தலிலிருந்து எவ்வளவு மதிப்பு விட்டுக்கொடுக்கப்பட்டது என்பதும் சேர்ந்து ஒவ்வொரு இலைக்கும் முன்னுரிமை தரும். விலகல் குறைந்த இலை முதலில் விரியும். எதிராளி முட்டாள்தனமாக ஆடினால் மட்டுமே வரக்கூடிய கிளைகளில் நேரம் வீணாகாது. எதிராளி தவறாக ஆடினால் உங்கள் எஞ்சின் தானே யோசித்துத் தண்டித்துக்கொள்ளும். அதற்குப் புத்தகம் வேண்டாம்.

7. எதிராளிக்காகச் சமைத்தல்

குறிப்பிட்ட எதிராளியை வீழ்த்துவதற்காக வீட்டிலேயே முடிவுவரை ஆராய்ந்து வைக்கும் வரிசையை இந்தத் துறையில் ‘சமைத்தது’ என்பார்கள். உலகிலேயே மிகப் புகழ்பெற்ற சமையல் 1997 மே 11 அன்று நியூயார்க்கில் பரிமாறப்பட்டது. டீப் புளூவுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் காரோ-கான் ஆடி, ஏழாவது நகர்த்தலில் எச்6 தள்ளினார். எந்திரம் குதிரையைக் கொடுத்து ஈ6-ஐ வெட்டியது. பத்தொன்பதாவது நகர்த்தலில் காஸ்பரோவ் ஆட்டத்தைக் கைவிட்டார். அந்த வெட்டு எந்திரம் யோசித்துக் கண்டதல்ல. எச்6 வந்தால் ஈ6-இல் வெட்டவேண்டும் என்று அன்று காலையில்தான் புத்தகத்தில் சேர்த்ததாக அணியில் இருந்த கிராண்ட்மாஸ்டர் மிகுவெல் இயேஸ்காஸ் பல ஆண்டுகள் கழித்து ஒரு நேர்காணலில் சொன்னார்.

நீங்கள் சமைக்க, எதிராளி எஞ்சினின் கடந்த ஆட்டங்களைத் திரட்டி, அது மாறாமல் திரும்பத் திரும்ப ஆடும் வரிசையைக் கண்டுபிடியுங்கள். அது புத்தகத்தைவிட்டு வெளியேறும் இடம் எளிதில் தெரியும்: அதுவரை நொடிகளில் ஆடியது, திடீரென நிமிடக்கணக்கில் யோசிக்கும். அந்த இடத்துக்குச் சற்று முன்னால், சிறந்ததைவிட மிகச் சிறிதே குறைந்த இரண்டாம் நகர்த்தல் ஒன்றைத் தேடுங்கள். எல்லாரும் ஒரே பொதுத் தரவுத்தளத்தைப் பார்க்கிறார்கள். எல்லாரும் முதல் நகர்த்தலுக்குத் தயாராக இருப்பார்கள்.

இதே ஆயுதம் உங்கள் மீதும் பாயும் என்பதை மறக்கவேண்டாம். போட்டிக்குரிய புத்தகத்தைப் பொதுச் சேவையகங்களில் ஓடவிட்டுச் சோதிப்பது, தேர்வுத்தாளைத் தெருவில் ஒட்டுவது போல. பொதுவெளியில் ஆட ஒரு பழைய புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். போட்டிப் புத்தகத்திலும் முக்கியக் கிளைகளில் குறைந்தது இரண்டு நகர்த்தல்களுக்கு எடை பகிர்ந்துகொடுங்கள்.

8. சோதனை

புதிய புத்தகம் பழையதைவிட நல்லதா என்று அறிய, ஒரே எஞ்சினை இரு புறமும் வைத்து, புத்தகங்களை மட்டும் மாற்றி ஆடவிடுவது எளிய வழி. ஆனால் அதுமட்டும் போதாது. எஞ்சினின் குருட்டுப்புள்ளி இருபுறமும் ஒன்றே என்பதால் தவறு வெளிவராது. வேறு எஞ்சின்களுடனும் ஆடவிடுங்கள்.

எண்களிடம் மரியாதை வேண்டும். பாதி ஆட்டங்கள் டிராவாகும் சூழலில் 1,000 ஆட்டங்கள் ஆடினால்கூட முடிவில் ஏறத்தாழ 15 ஈலோ புள்ளிகள் (ஆட்டபலத்தை அளக்கும் தரப்புள்ளிகள்) இப்படியோ அப்படியோ பிழைவரம்பு இருக்கும். பத்துக் கிளைகளைத் திருத்தியதால் வரும் மாற்றம் அதைவிடச் சிறியதாகவே இருக்கும். ஐம்பது ஆட்டங்கள் ஆடிவிட்டுப் ‘புதுப் புத்தகம் பிரமாதம்’ என்று முடிவுகட்டாதீர்கள். இன்னொரு மறைகுழி: குறுகிய புத்தகத்தில் ஒரே ஆட்டம் மீண்டும் மீண்டும் வரும். ஆயிரத்தில் தனித்தனி ஆட்டங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நூற்றைம்பதுதான் என்றால் உங்களிடம் இருப்பது நூற்றைம்பது ஆட்டங்களின் சான்றுதான்.

9. போட்டி நாள்

எஞ்சினுக்குள் புத்தகம் படிக்கும் வசதி, இடைமுக மென்பொருளில் புத்தகம் படிக்கும் வசதி என்று இரண்டு இடங்கள் இருக்கும். ஒன்றை மட்டும் இயக்குங்கள். கோப்பின் பாதையைச் சரிபாருங்கள். தவறான பாதை கொடுத்தால் பெரும்பாலான எஞ்சின்கள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் புத்தகமின்றி ஆடும். வெள்ளையிலும் கருப்பிலும் ஒவ்வொரு சோதனை ஆட்டம் தொடங்கி, முதல் ஐந்து நகர்த்தல்கள் நேரம் செலவாகாமல் வருகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

புத்தகம் முடிந்தபின் வரும் முதல் நகர்த்தலுக்கு எஞ்சின் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கும்படி அமைக்கமுடிந்தால் அமையுங்கள். அதுவரை தேடலே நடக்கவில்லை. ஆராய்ந்த நிலைகளின் முடிவுகளை எஞ்சின் சேமித்துவைக்கும் நினைவு அட்டவணை காலியாக இருக்கும்.

முந்தைய இரவு எதையும் திருத்தாதீர்கள். இயேஸ்காஸ் காலையில் திருத்தினாரே என்று கேட்கலாம். அவர் சேர்த்தது ஒரு நகர்த்தல். அதைப் பார்த்தவர்கள் கிராண்ட்மாஸ்டர்கள். நள்ளிரவில் எடைகளை மாற்றிக் கோப்பை மறுபடியும் தொகுக்கும்போது, கருப்புப் புத்தகத்தை வெள்ளையின் பெயரில் சேமித்தவன் நான்.

10. புத்தகம் அனுமதிக்கப்படாத போட்டி என்றால்

டி.சி.இ.சி. போன்ற போட்டிகளில் நீங்கள் தயாரிக்க ஒன்றுமில்லை. ஆனால் எஞ்சினைப் பயிற்றுவிக்கும் சோதனைத் தொகுப்பை அதே மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். அங்கே இறுதிச்சுற்றின் நூறு ஆட்டங்களுக்கு ஐம்பது தொடக்கங்கள் தரப்பட்டு, ஒவ்வொன்றும் நிறம் மாற்றி இருமுறை ஆடப்படுவது வழக்கம். சமமான தொடக்கங்கள் தந்தால் நூறும் டிராவாகிவிடும் ஆபத்து இருப்பதால் வேண்டுமென்றே ஒருபக்கம் சாய்ந்த நிலைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ரிப்காவுக்குப் புத்தகம் எழுதிய அதே நூமன்தான் பின்னாளில் இந்தத் தேர்வையும் செய்தார்.

மனித ஆட்டங்களிலிருந்து ஸ்டெஃபான் போல் தொகுத்த சமனற்ற தொடக்கங்கள் இதே எண்ணத்தில் பிறந்தவை. ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவச எஞ்சினின் சோதனைகளிலும் இவ்வகைத் தொகுப்புகள் பயன்படுகின்றன. எவ்வளவு சாய்வு என்பதற்கு வசதியான அளவுகோல் ஒன்று கிடைத்திருக்கிறது. 2022 டிசம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல், மதிப்பீடு 1.00 என்றால் வெற்றி வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று பொருள். அந்த எல்லைக்கு அருகில் இருக்கும் நிலைகளில்தான் பலமான எஞ்சின் ஒரு பக்கத்தில் வென்று, நிறம் மாறியதும் மறுபக்கத்தில் டிராவைக் காப்பாற்றிக்கொள்ளும். 0.20-இல் நிற்கும் நிலை இருமுறையும் டிரா, 2.00-ஐத் தாண்டிய நிலை ஆளுக்கு ஒரு வெற்றி. இரண்டிலும் யார் பலமானவர் என்பது தெரியாது, மின்கட்டணம் மட்டும் ஏறும்.